ஐயர் வரும் வரை

1864 மார்ச் 3, வியாழன்

மிஷன் பங்களாவிலிருந்து புது நோட்டு வந்து சேர்ந்தது. பழையது கூரை ஒழுகி நனைந்துபோயிற்று என்று சொல்லியனுப்பியிருந்தேன். "சுவிசேஷமுத்து உபதேசியாரின் பிரசங்கத்தை மாற்றத்தான் வழியில்லை, நோட்டையாவது மாற்றிக்கொள்ளட்டும்" என்று எங்கள் வெள்ளைக்காரக் குருவான துரை ஐயர் சொன்னதாகத் தபால் கொண்டுவந்தவன் சொன்னான். அவர் சொன்னாரோ, இவன் வழியில் சேர்த்துக்கொண்டானோ. உபதேசியார்கள் தினமும் செய்த வேலையை எழுதிவைக்க வேண்டும், மாதக் கடைசியில் ஐயர் வாசித்துப் பார்ப்பார் என்பது ஏற்பாடு. ஆகையால் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன்.

காலையில் ஜெபவீட்டில் ஜெபம். ஆண்களில் பாதிப்பேர் பனையில் இருந்தார்கள். பதனீர்க் காலம் தொடங்கிவிட்டால் ஆண்டவரே வாசலில் வந்து நின்றாலும் "பாளையைச் சீவிட்டு வாறேன்" என்பார்கள். பெண்கள் வந்தார்கள். எனக்காக அல்ல, என் மனைவி அன்னப்பழத்துக்காக. அவள் வேதத்திலிருந்து கதை சொன்னால் அடுப்பில் காய்கிற பதனீரைக்கூட மறந்து கேட்கிறார்கள். நான் சொன்னால் தூங்குகிறார்கள். ஐயர் வாசிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு ஐயர் வந்து இராப்போசனம் கொடுப்பார். கொம்பையாவுக்கு அந்தச் சொல்லின் மேல் தீராத வழக்கு. "ராப்போசனம்னு பேரு வச்சிட்டுக் காலையில குடுக்காவ. அதுவும் ஒரு கிள்ளு அப்பம், ஒரு மிடறு திராட்சை ரசம். இதுக்கு ராப்போசனம்னு ஏன் பேரு வைக்கணும்?" என்று இன்றும் கேட்டார். எங்கள் ஊரில் முதலாவது ஞானஸ்நானம் பெற்றவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் மற்ற வீடுகள் வந்தன. எலியேசர் என்று பெயர் கொடுத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.


மார்ச் 9, புதன்

ஓடைக்கு அக்கரையில் வாந்திபேதி என்று செய்தி. கிணற்றில் யாரும் வாளியை மாற்றிப் போட வேண்டாம் என்று சொன்னேன். கூரைக்கு ஓலை முடைந்தாகிவிட்டது.


மார்ச் 13, ஞாயிறு

நம் தெருவிலும் வந்துவிட்டது. நேற்று ஒரு வீடு, இன்று இரண்டு வீடு. மிஷன் மருந்துக் குப்பியில் இருந்ததைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துத் தீர்த்தேன். செத்தவர்களின் துணியைக் கொளுத்த வேண்டும், அந்த வீட்டில் ஆக்கிய சோற்றைக் குழிதோண்டிக் கொட்ட வேண்டும் என்று ஐயர் முன்பு சொல்லிக்கொடுத்ததை வீடுவீடாகச் சொன்னேன். ஒரு வீட்டுச் சோற்றை இன்னொரு வீட்டார் தொடக்கூடாது என்றும் சொன்னேன். அதை மட்டும் உடனே கேட்டார்கள்.

மேலத்தெருக்காரர்கள் இன்னும் அம்மனையே கும்பிடுகிறவர்கள். நோய் இறங்க அம்மனுக்குக் கொடைவிழா எடுக்கப்போகிறார்களாம். நம் ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பங்காளிகள்தானே, கூப்பிடத்தான் செய்வார்கள். போகக்கூடாது என்று சொன்னேன். எல்லாரும் கொம்பையாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜெபவீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.


மார்ச் 17, வியாழன்

இரண்டு அடக்கம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

காலையில் அடக்கமானவர் சாகும்முன் இராப்போசனம் கேட்டார். குருப்பட்டம் பெற்ற ஐயர் மட்டுமே அதைக் கொடுக்கலாம். உபதேசியாருக்கு அதிகாரம் கிடையாது. ஜெபம் பண்ணலாம், பாடம் சொல்லலாம், அடக்கம் செய்யலாம், அவ்வளவுதான். "ஐயர் வரட்டும்" என்று சொல்லி, ஒரு ஜெபம் பண்ணினேன். ஐயருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.


மார்ச் 19, சனி

பதில் வந்தது. மிஷன் பங்களாவைச் சுற்றியும் நோயாம். முடிந்தவுடன் வருகிறாராம். "நான் வரும்வரை ஒழுங்கு எதுவும் மாறாமல் நடத்து" என்று எழுதியிருக்கிறார். அதை ஜெபத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எழுதிக் கொடுத்த சொல் கையில் இருப்பது தெம்பாக இருந்தது.


மார்ச் 20, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனி இல்லை. ஓலை மட்டும் வாசலில் கட்டினோம்.

அன்னப்பழம் சோறு ஆக்கி இறக்கிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வயிறு சரியில்லை என்றாள்.


மார்ச் 21, திங்கள்

அடக்கம் ஒன்று. நானே ஜெபம் வாசித்தேன்.


மார்ச் 22, செவ்வாய்

கோழிகளுக்கு நொய் போட்டேன். எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. தின்றுவிட்டு மறுபடியும் வந்து நின்றன, மறுபடியும் போட்டேன். துணிகளைக் கொளுத்தினேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் செய்யாதிருக்கக் கூடாது. ஊதா நிறக் கண்டாங்கிச் சேலை சீக்கிரம் எரியவில்லை.

ஜெபவீட்டைப் பெருக்கினேன்.


மார்ச் 23, புதன்

பெண்கள் வகுப்புக்கு வந்திருந்தார்கள். நான்தான் பாடம் சொன்னேன். யாரும் தூங்கவில்லை.


மார்ச் 25, வெள்ளி

பெரிய வெள்ளி. ஆராதனை நடத்தினேன்.

முடிந்ததும் கொம்பையாவின் மனைவி பூமணி என்னை நிறுத்தினாள். அன்னப்பழத்துக்குக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். கூட ஆட்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உபதேசியாரே, அவ போயி நாலு நாளாச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே நீரு. கல்லா வே நீரு?"

"அழுவதற்கு நேரம் இல்லை பூமணி" என்றேன்.

"ராப்போசனம் கேட்டாளே. வாய்விட்டுக் கேட்டாளே. ஊருக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னீரே, ஐயர் வரட்டும்னு."

ஆம், சொன்னேன். ஊராருக்கு ஒரு ஒழுங்கு, என் பெண்டாட்டிக்கு ஒரு ஒழுங்கு என்று வைத்தால் நாளைக்கு எந்த முகத்தோடு பிரசங்கம் பண்ணுவேன்? பூமணியிடம் இதைச் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஐயர் வாசித்தால் நான் செய்தது சரி என்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.


மார்ச் 27, ஞாயிறு

உயிர்த்தெழுந்த பண்டிகை. பந்தல் போட்டு, ஐயர் உட்கார நாற்காலி துடைத்து வைத்திருந்தோம். மத்தியானம் மிஷன் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். துரை ஐயர் வெள்ளிக்கிழமையே இறந்துபோனாராம்.

நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தேன்.


மார்ச் 30, புதன்

இதை இனி யார் வாசிப்பார் என்று தெரியவில்லை. எழுதுவதை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, ஆகையால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பற்றி இனி கவலை இல்லை.

ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். "துரையே செத்துட்டாரு, அவரு சாமி நம்மள எங்க காப்பாத்தப் போவுது" என்று மேலத்தெருவில் பேசுகிறார்களாம். கொடைக்குக் கால்நாட்டிவிட்டார்கள். நம்மில் நாலைந்து வீட்டார் மறைவாகப் போய் வந்திருக்கிறார்கள். கண்டிக்க வேண்டும். போய்ச் சொல்லக் கால் எழவில்லை. அவர்கள்மேல் கோபமும் வரவில்லை. கோபம் மட்டுமல்ல, வேறொன்றும் வரவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாதியில்தான் உப்பு இல்லை என்று தெரிந்தது.

மாலையில் கொம்பையா வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது, "இனி நமக்கு யாரு, உபதேசியாரே?" என்று கேட்டார். புது ஐயர் வருவார் என்றேன்.

"அதுவரைக்கும்?"




ஏப்ரல் 4, திங்கள்

கொம்பையா விழுந்துவிட்டார். காலையில் பனையிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே வாந்தி. நாலு பேர் கட்டிலில் தூக்கிவந்தார்கள். ஊர் முழுக்க அவர் வாசலில் நிற்கிறது. யாரும் உள்ளே போகவில்லை. மேலத்தெருக்காரர்களும் தள்ளி நிற்கிறார்கள். இவர் போனால் ஜெபவீட்டுக்கு நானும் கோழிகளும்தான் மிஞ்சுவோம் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.


ஏப்ரல் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பூமணி ஆள் அனுப்பினாள். போனேன். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, குரல் மட்டும் இருந்தது அவருக்கு.

"ராப்போசனம் தாரும்" என்றார்.

ஐயர் வரட்டும் என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"எந்த ஐயரு? செத்த ஐயரா?" என்றார். மூச்சு வாங்கினார். பிறகு, "அப்பம் ஐயருக்குள்ளது. சரி. நம்ம ஊர்ல ராப்போசனம்னா ராச்சோறு. எனக்கு ராச்சோறு தாரும். அதுக்குமா பட்டம் கட்டணும்?" என்றார்.

சாகக் கிடக்கிற மனுஷன் என்னைக் கேலி செய்கிறாரா, மெய்யாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். மெய்யாகவேதான் கேட்டார். பத்து வருஷமாக அந்தச் சொல்லை அவர் அப்படித்தான் புரிந்துவைத்திருந்திருக்கிறார். ஐயர் காலையில் கொடுத்தது முன்பணம், ஒரு நாள் முழுச் சோறும் வரும் என்று.

பூமணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "அரிசி இருக்கிறதா?" என்று கேட்டேன். குழையக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். வெண்கலக் கும்பாவில் ஊற்றிக் கருப்பட்டியைக் கரைத்தாள். நான் கும்பாவைக் கையில் ஏந்தினேன். ஐயர் அப்பத்தைப் பிட்கும்போது சொல்லுகிற வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். அவற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. அவருக்கு ஒரு வாய் ஊட்டினேன். அதே கும்பாவிலிருந்து நானும் ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். மீதியைப் பூமணி குடித்தாள்.

வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் வீட்டுச் சோற்றை உபதேசியார் சாப்பிடுகிறார் என்று ஒருத்தி சத்தம் போட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் சரி என்றுதான் இருந்தது.


ஏப்ரல் 7, வியாழன்

கொம்பையா எழுந்து உட்கார்ந்துவிட்டார். தயிர் கேட்கிறாராம்.


ஏப்ரல் 10, ஞாயிறு

ஜெபவீடு நிறைந்தது. மறைவாகக் கொடைக்குப் போனவர்கள் முன்பாயில் வந்து உட்கார்ந்தார்கள். முடிந்தபிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. பார்த்தால் பெண்கள் வாசலில் கலயம் கலயமாகக் கஞ்சி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இராப்போசன வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சாப்பாட்டு ஜெபம் மட்டும் பண்ணினேன். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. ஒருவர் வீட்டுக் கஞ்சியை இன்னொருவர் குடித்தார்கள்.

வெளியே ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன் மகனைப் பறிகொடுத்தவள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "இந்த மருந்து உம்ம கையில இருந்திருக்கே உபதேசியாரே. தெரிஞ்சிருந்தா அன்னப்பழத்தையும் எழுப்பியிருப்பீரே."

மருந்து இல்லை அம்மா, கொம்பையா உடம்பு வலு உள்ளவர், நோயும் இறங்கு முகத்தில் இருந்தது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை.


ஏப்ரல் 19, செவ்வாய்

மேலத்தெருவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "ராச்சோறு தாரும்" என்கிறார்கள். கஞ்சி கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்புகிறேன். சில பிள்ளைகள் பிழைக்கின்றன, சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. பிழைத்த வீட்டார் மட்டும் ஊரெல்லாம் சொல்லுகிறார்கள்.

கூரைக்கு ஓலை போட்டு முடிந்தது. கோழி அடை உட்கார்ந்திருக்கிறது.


மே 12, வியாழன்

புது ஐயர் குதிரையில் வந்தார். சின்ன வயது. தமிழ் நன்றாகப் பேசுகிறார், சொற்களைக் கழுவித் துடைத்து வைப்பதுபோல. பந்தலில் அதே நாற்காலியைப் போட்டோம். ஊரார் சுற்றி நின்றார்கள். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். நான் நிற்க, அவர் வாசித்தார். வெயில் ஏறும்வரை வாசித்தார்.

"சுவிசேஷமுத்து, உமக்கு இந்த அதிகாரம் யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை, ஐயா."

"இந்த ஜனங்கள் இதை மந்திரம் என்று நினைக்கிறார்கள்."

"ஆம், ஐயா. அப்படி அல்ல என்று சொல்லிப் பார்த்தேன்."

அவர் கெட்டவர் அல்ல. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். சபை பிழைத்திருப்பது உம்மால்தான் என்று தெரிகிறது, உம்மை அனுப்ப எனக்கு மனமில்லை என்றார். ஒரு வழி சொன்னார். அன்றைக்குக் கொம்பையாவுக்குக் கொடுத்தது இராப்போசனம் அல்ல, நோயாளிக்கு இரங்கிக் கொடுத்த வெறும் கஞ்சி என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னால் போதும். ஜனங்களுடைய மயக்கமும் தீரும், நானும் வேலையில் இருக்கலாம்.

கொம்பையா முன்னால் வந்தார். "சொல்லிரும் உபதேசியாரே. எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராது. வயித்துக்குத் தெரியும்" என்றார். ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரிய காரியம் அல்ல. அரிசியும் கருப்பட்டியும்தானே. அப்போது பூமணியைப் பார்த்தேன். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் கஞ்சி என்று சொன்னால், அன்னப்பழத்துக்கு நான் மறுத்ததும் வெறும் கஞ்சி. அதைக் கொடுக்க எந்த ஐயரும் வர வேண்டியதில்லை. அது எங்கள் வீட்டு அடுப்பிலேயே இருந்தது.

"நான் கொடுத்தது இராப்போசனம்தான், ஐயா" என்றேன்.

"யோசித்துச் சொல்லும்."

"யோசித்துத்தான் சொல்லுகிறேன்."

"செய்ததற்கு வருந்துகிறீரா?"

"கொடுத்ததற்கு வருத்தம் இல்லை, ஐயா" என்றேன். அவர் மடியிலிருந்த நோட்டைக் கையில் எடுத்தார். பிறகு, வருகிற ஞாயிறு முதல் நான் உபதேசியார் இல்லை என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார்.


மே 15, ஞாயிறு

புதிய உபதேசியார் இன்னும் வரவில்லை. ஜெபவீட்டில் பின்பாயில் உட்கார்ந்தேன். யார் தொடங்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பூமணி எழுந்து நின்று ஜெபத்தைத் தொடங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எல்லாம் அன்னப்பழம் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இனி இதை யாரும் வாசிக்கப்போவதில்லை. ஆகையால் எழுதாமல் விட்ட மார்ச் 21-ஐ எழுதுகிறேன்.

விடிந்த நேரம். இரவெல்லாம் வயிற்றால் போய்ப்போய் அவள் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். பூமணி காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அன்னப்பழம் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ராப்போசனம் தாங்க" என்றாள். அவள் என்னிடம் எதையுமே கேட்கிறவள் அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு சேலைகூடக் கேட்டதில்லை. இருந்தாலும் ஐயர் எழுதியனுப்பிய தாள் சட்டைப்பையில் இருந்தது. "ஐயர் வரட்டும், பண்டிகைக்கு வந்துவிடுவார்" என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கிக்கொள்வேன். அழுதிருந்தாலும் தாங்கிக்கொள்வேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்மேல் இரக்கப்பட்டாள் என்று இப்போது தெரிகிறது.

"சரி. அப்போ நீங்க சாப்பிடுங்க. நேத்து ஆக்குனது பானையில இருக்கு. நேத்தே நீங்க சாப்பிடல" என்றாள்.

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

நான் சாப்பிடவில்லை. அடக்கம் முடிந்து வந்து, ஊருக்குச் சொன்ன ஒழுங்குப்படி கொல்லையில் குழி தோண்டி, அந்தச் சோற்றைக் கொட்டி மண்ணைத் தள்ளினேன்.